தலையில் அடிபட்டவரிடம் "ஓகேவா?" என்று கேட்டுப் பயனில்லை

2014 ஜூலை 13. ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா மைதானத்தில் கால்பந்து உலகக் கோப்பை இறுதிப்போட்டி, ஜெர்மனிக்கும் அர்ஜென்டினாவுக்கும். 17வது நிமிடத்தில் ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் கிராமர் முகத்தில் எதிரணி வீரர் ஒருவரின் தோள் பலமாக மோதியது. விழுந்தார், எழுந்தார், முதலுதவி முடிந்ததும் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டார். டிவியில் பார்த்தவர்களுக்கு ஆள் தேறிவிட்டதாகத்தான் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவர் நடுவர் நிக்கோலா ரிசோலியிடம் போய், இது ஃபைனல்தானா என்று கேட்டார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்த ரிசோலி, இன்னொரு தடவை கேட்கச் சொன்னார். கிராமர் அதே கேள்வியைக் கேட்டார். அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. நடுவர் விஷயத்தை ஜெர்மனி அணியின் ஸ்வைன்ஸ்டைகர் காதில் போட, 31வது நிமிடத்தில் கிராமரை வெளியே அழைத்துக்கொண்டார்கள்.

அதாவது, எந்த ஆட்டத்தில் இருக்கிறோம் என்று தெரியாத ஒருவர், உலகத்தின் மிகப் பெரிய ஆட்டத்தில் சுமார் கால் மணி நேரம் ஓடி ஆடியிருக்கிறார். சுற்றி நின்ற பயிற்சியாளர்களும் டாக்டர்களும் கவனிக்கத் தவறினார்கள், நடுவர் கவனித்தார். (கிராமருக்குப் பதிலாக வந்த ஷூர்லே தூக்கிக் கொடுத்த பந்தைத்தான் 113வது நிமிடத்தில் கோட்ஸ கோலாக்கினார். வெளியே அழைத்ததால் அணிக்கு நஷ்டம் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லலாம்.)

கிராமருக்கு வந்ததுதான் கன்கஷன். தமிழில் மூளை அதிர்ச்சி என்றும் எழுதுகிறார்கள். கால்பந்து, கிரிக்கெட், கபடி, ரக்பி, குத்துச்சண்டை, சைக்கிள், ஜிம்னாஸ்டிக்ஸ் என்று ஆட்டம் எதுவானாலும், விழுவதும் மோதுவதும் இருக்கும் இடத்தில் இதுவும் இருக்கும்.

உள்ளே என்னதான் நடக்கிறது?

மண்டையோட்டுக்குள் மூளை இறுக்கிக் கட்டிவைத்த பொருள் இல்லை. அது மிருதுவானது, திரவத்தில் மிதந்தபடி இருப்பது. ஓடுகிற பஸ் சடன் பிரேக் போட்டால் உள்ளே நிற்கிறவர்கள் முன்னால் போய் விழுவார்கள் இல்லையா, தலை சட்டென்று நின்றாலோ திரும்பினாலோ மூளைக்கும் அந்தக் கதிதான். நேராக வரும் அதிர்வைவிட, தலையைச் சடாரென்று திருப்பிவிடும் சுழற்சி மோசமானது. மூளை முறுக்கிக்கொள்ளும்போது நரம்பு செல்களின் நீண்ட இழைகள் இழுபடுகின்றன.

இழுபட்ட செல்லின் சுவரில் அடைத்திருக்க வேண்டிய வழிகள் திறந்துகொள்கின்றன. உள்ளே இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியே கொட்டுகிறது, வெளியே இருக்க வேண்டிய கால்சியம் உள்ளே புகுகிறது. இதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர செல் தன் பம்புகளை முழு வேகத்தில் ஓட்ட வேண்டியிருக்கிறது. அதற்கு நிறைய சக்தி தேவை. சிக்கல் என்னவென்றால், அதே நேரத்தில் மூளைக்கு வரும் ரத்த ஓட்டம் குறைந்துவிடுகிறது. செலவு ஏறுகிறது, வரவு குறைகிறது. கன்கஷன் ஆனவருக்கு வரும் களைப்பு, மந்தம், கவனச் சிதறல், வெளிச்சம் பட்டாலே எரிச்சல் எல்லாவற்றுக்கும் பின்னால் இந்தப் பற்றாக்குறைக்குப் பெரிய பங்கு உண்டு. அது ஒரு மணி நேரத்தில் தீர்வதில்லை. நாட்கள் ஆகும், சிலருக்கு வாரங்கள்.

இதைப் புரிந்துகொண்டால் மூன்று விஷயங்கள் தானாகத் தெளிவாகிவிடும்.

முதலாவது, ஸ்கேன். சி.டி. ஸ்கேன் எலும்பு முறிவையும் ரத்தக் கசிவையும் காட்டும். செல் அளவில் நடக்கும் இந்தக் குளறுபடி அதில் தெரியாது. வழக்கமாக எடுக்கும் எம்.ஆர்.ஐ.யும் பெரும்பாலும் சுத்தமாகத்தான் இருக்கும். ஆகவே "ஸ்கேன் நார்மல், ஒன்றும் இல்லை" என்று யாராவது சொன்னால், அதற்கு "ரத்தக் கசிவு இல்லை" என்பது மட்டுமே பொருள். அது பெரிய நிம்மதிதான், சந்தேகமில்லை. ஆனால் கன்கஷன் இல்லை என்று அந்தப் படம் சொல்லாது.

இரண்டாவது, மயக்கம். நினைவு தப்பினால்தான் ஆபத்து என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. விளையாட்டில் நேரும் கன்கஷன்களில் மயங்கி விழுவது பத்தில் ஒன்றுக்கும் குறைவு. மீதிப் பேர் கண் திறந்தபடி, பேசியபடி, நடந்தபடிதான் இருப்பார்கள்.

மூன்றாவது, தலையில் நேரடியாக அடிபட வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. மார்பிலோ முதுகிலோ பலமாக மோதி, கழுத்து வெட்டி இழுத்தால் போதும்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது?

களத்துக்கு வெளியே நிற்பவர் முதலில் பார்க்க வேண்டியது, அடிபட்ட அந்த ஓரிரு நொடிகளை. கையை ஊன்றித் தன்னைக் காத்துக்கொள்ளாமல் துணிப்பொம்மை மாதிரி விழுந்தாரா? விழும்போதோ விழுந்த பிறகோ கை விறைத்து அந்தரத்தில் நின்றதா? எழ நேரம் பிடித்ததா? எழுந்ததும் தள்ளாடினாரா? தலையைப் பிடித்துக்கொண்டு பேந்தப் பேந்த விழிக்கிறாரா? எதிரணி கோல் பக்கம் ஓட வேண்டியவர் தன் கோல் பக்கம் போகிறாரா? இதில் ஒன்று இருந்தாலும் ஆட்டத்திலிருந்து வெளியே கொண்டுவர அதுவே போதுமான காரணம்.

அடுத்தது, அவர் சொல்வது. "பொறி கலங்கிப்போச்சு", "கண்ணில் பூச்சி பறக்குது", "தலை கிறுகிறுன்னு வருது", "ஏதோ மூட்டத்துக்குள்ள இருக்கிற மாதிரி இருக்கு". தலைவலி மிகச் சாதாரணமாக வருவது. அதோடு குமட்டல், மங்கலான பார்வை, வெளிச்சமும் சத்தமும் தாங்காமை, கழுத்து வலி. சிலருக்கு உடம்பில் எதுவும் இருக்காது, மனநிலைதான் மாறும். காரணமே இல்லாமல் அழுவார்கள், எப்போதும் பொறுமையாக இருப்பவர் சிடுசிடுப்பார். "ஆட்டம் போய்விட்ட ஆத்திரம்" என்று இதைத் தள்ளிவிடுவது சுலபம். சின்னப் பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் கஷ்டம், ஏனென்றால் தனக்கு என்ன செய்கிறது என்று சொல்ல அவர்களுக்குத் தெரியாது. பெற்றவருக்கு மட்டும், ஏதோ சரியில்லை என்று தோன்றும். அந்தத் தோன்றலை மதிக்கலாம்.

பிறகு, கேள்விகள். வீட்டு விலாசம், பிறந்த தேதி, இன்று என்ன கிழமை என்றெல்லாம் கேட்பது நமக்குப் பழக்கம். ஆனால் கன்கஷன் ஆனவர் இதற்கெல்லாம் கடகடவென்று சரியான பதில் சொல்லிவிடலாம், இவை ஆழமாகப் பதிந்த விஷயங்கள் என்பதால். தடுமாறுவது புதிய ஞாபகம். அதனால்தான் ஆஸ்திரேலிய நரம்பியல் உளவியலாளர் டேவிட் மேடக்ஸ் பெயரால் அழைக்கப்படும் கேள்விகள் வேறு மாதிரி இருக்கும். இப்போது எந்த மைதானத்தில் இருக்கிறோம்? இது முதல் பாதியா, இரண்டாம் பாதியா? கடைசியாகப் புள்ளி எடுத்தது யார்? போன ஆட்டம் யாருடன் ஆடினாய்? அதில் ஜெயித்தீர்களா? ஐந்துமே சற்று முன் நடந்ததையும் அண்மையில் நடந்ததையும் தொடுபவை. கிராமர் நடுவரிடம் கேட்டதும் இந்த வகையைச் சேர்ந்த கேள்விதான், அவரே கேட்டுவிட்டார் என்பதுதான் வித்தியாசம்.

தொழில்முறை ஆட்டங்களில் டாக்டர்கள் இதைவிட நீளமான சோதனை ஒன்றைச் செய்கிறார்கள். ஸ்கேட் 6 என்று பெயர். விளையாட்டுக் கன்கஷன் பற்றிய நிபுணர் குழு 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடி, 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதலோடு வந்தது. ஓரிடத்தில் உட்காரவைத்து, அவசரப்படாமல் 10 முதல் 15 நிமிடம் எடுத்துச் செய்ய வேண்டிய சோதனை அது. பத்து வார்த்தைகளைச் சொல்லித் திரும்பச் சொல்லச் சொல்வார்கள், ஐந்து நிமிடமாவது கழித்து அதே பத்தை மறுபடி கேட்பார்கள். மாதங்களின் பெயரை டிசம்பரிலிருந்து பின்னோக்கிச் சொல்ல வேண்டும். ஒரு பாதத்துக்கு முன்னால் இன்னொன்றை, குதிகாலும் விரலும் ஒட்டும்படி வைத்து, இடுப்பில் கை, கண்ணை மூடி 20 நொடி நிற்க வேண்டும். தள்ளாடினாலும் கண்ணைத் திறந்தாலும் தப்பாகக் கணக்காகும்.

இதைப் படித்துவிட்டு நாமே சோதனை செய்து, "பாஸ் ஆகிட்டான், உள்ளே போகட்டும்" என்று அனுப்பிவிடக் கூடாது. அந்தச் சோதனை டாக்டருக்கான கருவி. மற்றவர்களான நமக்கு வேலை இன்னும் சுலபம்: சந்தேகம் வந்தால் வெளியே கூப்பிடு, அன்றைக்குத் திரும்ப அனுப்பாதே. நோயைக் கண்டறிவது நம் வேலை இல்லை, சந்தேகப்படுவது மட்டும்தான்.

ஏன் இவ்வளவு கறார்? சோதனையில் தேறினவருக்கும் பிறகு வரலாம் என்பதால். 2019 ஆஷஸ் தொடரில் லார்ட்ஸ் டெஸ்டில் நடந்ததைப் பார்த்தால் போதும். ஆகஸ்ட் 17 அன்று ஜோஃப்ரா ஆர்ச்சர் போட்ட பவுன்சர், 80 ரன்னில் ஆடிக்கொண்டிருந்த ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில், காதுக்குக் கொஞ்சம் கீழே, பாய்ந்தது. அப்படியே குப்புற விழுந்தார். டாக்டர் சோதித்தார், தேறினார். ஒரு மணி நேரம்கூட ஆகாமல் திரும்பி வந்து பேட் பிடித்தார், 92இல் அவுட் ஆனார். மறுநாள் காலையில் எழும்போது தலைவலியும் மந்தமும். அப்போதுதான் கன்கஷன் என்று முடிவானது, மீதி ஆட்டத்திலிருந்து விலக்கினார்கள். அதே மாதம் முதல் தேதியிலிருந்துதான் கன்கஷனுக்கு மாற்று ஆட்டக்காரரை இறக்கலாம் என்ற விதியை ஐ.சி.சி. கொண்டுவந்திருந்தது. அதன்படி டெஸ்ட் வரலாற்றில் முதல் மாற்றாக மார்னஸ் லபுஷேன் இறங்கினார். இறங்கிய கையோடு அவருக்கும் ஆர்ச்சர் பந்து ஹெல்மெட்டில் விழுந்தது, அவர் 59 ரன் எடுத்தார் என்பது தனிக்கதை. ஸ்மித் அடுத்த டெஸ்டில் ஆடவில்லை. அதற்கடுத்த டெஸ்டில் வந்து 211 அடித்தார். முழுதாகத் தேறி வந்தால் ஆட்டம் எங்கேயும் போய்விடாது.

அறிகுறிகள் சில நிமிடத்தில் வரலாம், சில மணி நேரத்தில் வரலாம், இரண்டு நாள் கழித்தும் வரலாம். அடிபட்ட அன்று மாலையும், மறுநாள் காலையும் கேட்டுப் பார்ப்பது அதனால்தான் அவசியம்.

"நான் ஓகே" என்பதை ஏன் நம்பக் கூடாது?

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதானால், இதைத்தான் சொல்வேன். கணுக்கால் சுளுக்கினால், அது எப்படி இருக்கிறது என்று யோசித்துச் சொல்ல மூளை இருக்கிறது. கன்கஷனில் அடிபட்டதே மூளை. தன் நிலைமையைத் தானே எடைபோட்டுச் சொல்ல வேண்டிய உறுப்பு அன்றைக்கு வேலையைச் சரியாகச் செய்யும் நிலையில் இல்லை. அதனிடமே போய் "ஓகேவா?" என்று கேட்டால், பெரும்பாலும் "ஓகே" என்ற பதில்தான் வரும். அவர் பொய் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான் நினைக்கிறார்.

பொய் சொல்பவர்களும் உண்டு. அணியில் இடம் போய்விடும், கோச் திட்டுவார், நண்பர்கள் பயந்தாங்கொள்ளி என்பார்கள், அடுத்த வாரம் முக்கியமான ஆட்டம் இருக்கிறது. கனடாவின் ஒட்டாவாவைச் சேர்ந்த ரோவன் ஸ்ட்ரிங்கர் 17 வயது ரக்பி வீராங்கனை, பள்ளி அணியின் கேப்டன். 2013 மே மாதம் ஒரு வாரத்துக்குள் அடுத்தடுத்து தலையில் அடிபட்டது. தனக்குக் கன்கஷனாக இருக்குமோ என்ற சந்தேகம் அவருக்கே இருந்தது, தோழிகளிடம் பேசியும் இருக்கிறார். பெரியவர்கள் காதுக்கு அது வரவில்லை. முந்தைய அடி ஆறும் முன்பே விழுந்த கடைசி அடியில் மூளை வீங்கி, சில நாட்களில் இறந்துபோனார். ஒன்டாரியோ மாகாணம் 2018இல் அவர் பெயரிலேயே சட்டம் இயற்றியது.

முதல் அடி ஆறாத மூளையில் இரண்டாவது அடி விழுந்து, மூளை கட்டுக்கடங்காமல் வீங்கும் இந்த நிலை அபூர்வம். நடந்ததெல்லாம் பெரும்பாலும் இளவயதினருக்கு. அபூர்வம் என்றாலும், அன்றைக்கு ஆட்டத்திலிருந்து வெளியே வைத்திருந்தால் தவிர்க்கக்கூடியது. உயிருக்கு ஆபத்து வராவிட்டாலும், கன்கஷனோடு தொடர்ந்து ஆடினவர்கள் தேற அதிக நாள் எடுக்கிறது என்பது திரும்பத் திரும்பத் தெரியவந்திருக்கிறது. ஒரு பாதி ஆட்டத்தை மிச்சப்படுத்தப் போய், பல வாரங்களை இழக்கிற வியாபாரம் அது.

ஆகவே கோச்சுகளுக்குச் சொல்வது: கேட்பதாக இருந்தால் "ஆட முடியுமா?" என்று கேட்காதீர்கள். "தலை எப்படி இருக்கு, வெளிச்சம் கூசுதா, இப்ப ஸ்கோர் என்ன?" என்று கேளுங்கள். முடிவை அவரிடம் விடாதீர்கள். நீங்கள் முடிவெடுத்தால் அவருக்கும் அது ஒருவகையில் விடுதலை, தானாக வெளியே போனேன் என்ற பேச்சு வராது.

உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியது எப்போது?

கழுத்து வலி அல்லது கழுத்தைத் தொட்டால் வலி. பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிவது. கை கால் பலவீனம், மரத்துப்போவது, எரிவது. தலைவலி நேரம் ஆக ஆக ஏறிக்கொண்டே போவது. வலிப்பு. நினைவு தப்புவது, அல்லது கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டு போவது. வாந்தி. போகப் போக அமைதியிழந்து முரண்டு பிடிப்பது. இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம், ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். மண்டைக்குள் ரத்தம் கசிகிறதா என்று பார்க்க வேண்டிய நேரம் அது. மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவில் ரத்தம் சேரும் ஒருவகைக் கசிவில், ஆள் முதலில் தெளிந்து நன்றாகப் பேசிவிட்டு, பிறகு சட்டென்று மோசமாவது உண்டு. "இப்ப நல்லாத்தானே இருந்தான்" என்று பதறுவது இப்படித்தான் நேர்கிறது.

மைதானத்தில் விழுந்தவர் எழவில்லை என்றால் கழுத்திலும் அடிபட்டிருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். பழகாதவர்கள் தூக்கவோ நிமிர்த்தவோ ஹெல்மெட்டைக் கழற்றவோ கூடாது. மூச்சு விடுகிறாரா என்று பார்த்துக்கொண்டு, தலை ஆடாமல் பார்த்துக்கொண்டு, உதவி வரும்வரை கூடவே இருப்பதுதான் உதவி. தண்ணீர் தெளித்து உட்காரவைத்து உலுக்குவது நல்ல எண்ணத்தில் செய்யும் கெட்ட காரியம்.

ஆபத்து அறிகுறி எதுவும் இல்லாதவரையும் முதல் சில மணி நேரம் தனியே விடக் கூடாது, அவரை வண்டி ஓட்ட விடக் கூடாது, மது கூடாது. ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் மாதிரி மாத்திரைகள் ரத்தக் கசிவு இருந்தால் அதைக் கூட்டிவிடலாம் என்பதால் டாக்டர் சொல்லாமல் கொடுக்காமல் இருப்பது நல்லது. தலைவலிக்குப் பாராசிட்டமால் கொடுக்கலாம். இரவெல்லாம் தூங்கவிடாமல் உலுக்கி எழுப்பிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது பழைய நம்பிக்கை. டாக்டர் பார்த்து, ஆபத்து இல்லை என்றாகிவிட்டால், தூக்கம்தான் முதல் மருந்து. பக்கத்தில் ஒருவர் இருந்தால் போதும்.

தேறி வருவது

இருட்டறையில் படுத்திரு, புத்தகம் வேண்டாம், யாரோடும் பேசாதே, தலைவலி முழுதாகப் போகும்வரை எழாதே என்று முன்பெல்லாம் சொன்னார்கள். இப்போது அப்படிச் சொல்வதில்லை. வாரக்கணக்கில் படுக்கவைத்தால் உடம்பும் தளரும், மனசும் சோரும், தேறுவது தள்ளிப்போகும். முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வு போதும், அதுவும் முழு ஓய்வு இல்லை. வீட்டுக்குள் நடமாடலாம், சின்ன வேலைகள் பார்க்கலாம். போன், டிவி மாதிரித் திரைகளை மட்டும் அந்த 48 மணி நேரம் நன்றாகக் குறைக்க வேண்டும். அது உண்மையிலேயே பலன் தருகிறது. (பதின்வயதுக்காரர்களிடம் இதை நிறைவேற்றுவது எப்படி என்று எந்த வழிகாட்டுதலும் சொல்லவில்லை.)

அதற்குப் பிறகு நடக்க ஆரம்பிக்கலாம். அமெரிக்காவின் பஃபலோவில் ஜான் லெடி குழுவினர் பதின்வயது விளையாட்டு வீரர்களை இரண்டு பிரிவாகப் பிரித்து நடத்திய ஆய்வு 2019இல் வெளியானது. ஒரு பிரிவுக்கு அறிகுறி மோசமாகாத அளவில் இதயத் துடிப்பைக் கூட்டும் உடற்பயிற்சி, இன்னொரு பிரிவுக்கு வெறும் உடலை நீட்டி வளைக்கும் பயிற்சி. முதல் பிரிவு தேற நடுமதிப்பாக 13 நாள், இரண்டாவது பிரிவுக்கு 17 நாள். நடப்பதும் சைக்கிள் மிதிப்பதும் சும்மா பொழுதுபோக்கு இல்லை, சிகிச்சையே அதுதான் என்று பார்வை மாறியது.

ஆனால் படிப்படியாக. முதல் படி, தலைவலி கூடாத அளவில் வழக்கமான வேலைகள். அடுத்து லேசான உடற்பயிற்சி, அதிகபட்ச இதயத் துடிப்பில் சுமார் 55 சதவீதம் வரை. 220இலிருந்து வயதைக் கழித்தால் அதிகபட்சத் துடிப்பு ஏறக்குறைய வரும். 16 வயதுப் பையனுக்கு 204, அதில் 55 சதவீதம் என்றால் நிமிடத்துக்கு 112 அளவில். வேகமாக நடந்தாலே அங்கே போய்விடலாம். அது ஒத்துக்கொண்டால் 70 சதவீதம், அதாவது 143 வரை ஏற்றலாம். மூன்றாவது படியில் அவரவர் ஆட்டத்துக்குரிய பயிற்சி, ஆனால் தனியாக: ஓட்டம், திசை மாற்றம், பந்தைத் தட்டிக்கொண்டு போவது. நான்காவதில் அணியோடு சேர்ந்து, ஆனால் மோதல் இல்லாமல். ஐந்தாவதில் முழு மோதலோடு பயிற்சி. ஆறாவதில் ஆட்டம்.

ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம். முதல் மூன்று படிகளில் லேசாகத் தலை வலித்தால் பயப்பட வேண்டாம். வலிக்குப் பூஜ்யத்திலிருந்து பத்துவரை மார்க் போட்டால், இரண்டு மார்க்குக்குள் ஏறி, ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிட்டால் சரி. அதற்கு மேல் போனால் அன்றைக்கு நிறுத்திவிட்டு மறுநாள் முயற்சிக்கலாம். நான்காவது படியிலிருந்து கதை வேறு. அறிகுறிகள் எல்லாம் போயிருக்க வேண்டும், உடம்பை வருத்தும்போதும் வரக் கூடாது, டாக்டர் பார்த்துச் சரி என்று சொல்லியிருக்க வேண்டும். அங்கே அறிகுறி திரும்பினால் மூன்றாவது படிக்கு இறங்க வேண்டும்.

பெரும்பாலான பெரியவர்கள் இரண்டு வாரத்துக்குள் தேறிவிடுகிறார்கள். பிள்ளைகளுக்கும் பதின்வயதினருக்கும் நான்கு வாரம் வரை ஆகலாம். முதல் சில நாட்களில் அறிகுறிகள் எவ்வளவு கடுமையாக இருந்தன என்பதுதான் எவ்வளவு நாள் எடுக்கும் என்பதற்கு நல்ல குறிப்பு. தலைவலி போய்விட்டது என்பதும் மூளை முழுதாக ஆறிவிட்டது என்பதும் ஒன்றல்ல. செல் அளவில் வேலை இன்னும் மிச்சமிருக்கலாம். ஆஸ்திரேலிய விளையாட்டு நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல், உள்ளூர் ஆட்டக்காரர்களும் இளையோரும் மோதல் உள்ள ஆட்டத்துக்குத் திரும்பக் குறைந்தது 21 நாள் ஆக வேண்டும் என்கிறது. பக்கத்தில் டாக்டர் படை இல்லாதவர்களுக்கு இந்த நிதானமே பாதுகாப்பு என்பது என் கருத்து. திரும்பி வந்த புதிதில் முழங்கால், கணுக்கால் காயங்கள் கூடுதலாக வருகின்றன என்பதையும் கவனித்திருக்கிறார்கள். சமநிலையும் எதிர்வினை வேகமும் முழுதாகத் திரும்பாமல் இருப்பது காரணமாக இருக்கலாம்.

படிக்கிற பிள்ளையாக இருந்தால் மைதானத்துக்கு முன்பு வகுப்பறை. அங்கேயும் படிகள்தான். முதலில் வீட்டில் கால் மணி, அரை மணி படிப்பு. பிறகு அரை நாள் பள்ளி, நடுவில் இடைவேளைகள். பிறகு முழு நாள், ஆனால் பரீட்சை வேண்டாம். வெளியே தெரியும்படி கட்டு எதுவும் இல்லாததால் ஆசிரியருக்கு இது சோம்பேறித்தனமாகத் தெரியக்கூடும். டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கொடுப்பது நல்லது. முழுதாகப் பாடம் கவனிக்க முடியாதவர் மோதலுள்ள ஆட்டத்துக்குத் திரும்பக் கூடாது, இந்த வரிசை மாறக் கூடாது.

நான்கு வாரத்துக்கு மேலும் அறிகுறிகள் நீண்டால், சும்மா காத்திருப்பது தீர்வில்லை. நீளும் தலைவலிக்குக் காரணம் சில சமயம் கழுத்துத் தசைகளும் மூட்டுகளும்தான், அதற்குப் பிசியோதெரபி கேட்கும். தலைசுற்றல் நீண்டால் உள்காதின் சமநிலை அமைப்புக்கென்றே பயிற்சிகள் இருக்கின்றன. தூக்கம் கெட்டுப்போவது, மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றுக்கும் சிகிச்சை உண்டு. ஏற்கெனவே ஒற்றைத் தலைவலியோ மனச்சோர்வோ இருந்தவர்களுக்கு இழுத்தடிக்கும் வாய்ப்பு கொஞ்சம் அதிகம். இப்படிப்பட்டவர்கள் கன்கஷனில் பழக்கமுள்ள டாக்டரைத் தேடிப் போவது நல்லது.

ஹெல்மெட் பற்றி ஒரு வார்த்தை. மண்டையோடு உடைவதை அது தடுக்கும், அதற்காகவே போட்டுத்தான் ஆக வேண்டும். உள்ளே மூளை ஆடுவதை அதனால் முழுதாகத் தடுக்க முடியாது. "ஹெல்மெட்டில்தானே பட்டது" என்று விட்டுவிடாமல், ஹெல்மெட்டில் பட்டாலும் மேலே சொன்ன அதே சோதனை, அதே கறார்.

எத்தனை கன்கஷனுக்குப் பிறகு ஆட்டத்தையே விட வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. எல்லாருக்கும் பொருந்தும் ஓர் எண் கிடையாது. 2021 ஜனவரியில் சிட்னியில் இந்தியாவுக்கு எதிராக முதல் டெஸ்ட் ஆடி 62 ரன் எடுத்த வில் புகோவ்ஸ்கி, திரும்பத் திரும்பக் கன்கஷன் வந்து, 2025இல் 27 வயதிலேயே கிரிக்கெட்டை விட்டுவிட்டார். இன்னொருவர் இரண்டு மூன்று வந்த பின்னும் பல வருடம் நன்றாக ஆடுகிறார். டாக்டர்கள் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதில்லை. ஒவ்வொரு தடவையும் தேற எடுக்கும் நாள் கூடிக்கொண்டே போகிறதா, முன்பைவிட லேசான அடிக்கே வருகிறதா, இரண்டுக்கும் நடுவில் இடைவெளி சுருங்குகிறதா, ஆட்டம் இல்லாத நாட்களிலும் ஞாபகமும் மனநிலையும் எப்படி இருக்கின்றன என்றுதான் கேட்கிறார்கள். எந்த நாளில், எப்படி அடிபட்டது, எத்தனை நாளில் சரியானது என்று ஒரு நோட்டில் எழுதிவைத்திருந்தால், அந்தக் கேள்விகளுக்கு ஞாபகத்தை நம்பிப் பதில் சொல்ல வேண்டியிருக்காது.